சாம்பல் மேட்டு ஆய்வு: நாற்பது நிமிடத்தில் என்ன தெரியும்?

கேள்வி (9 ஏப்ரல் 2023, காலை)

எங்கள் ஊரை ஒட்டி அனல் மின் நிலையத்தின் சாம்பல் மேடு இருக்கிறது. போன வாரம் ஆய்வுக்கு வந்தார்கள். இரண்டு ஜீப். மேட்டின் மேலேயே ஒரு சுற்று சுற்றிவிட்டு நாற்பது நிமிடத்தில் கிளம்பிவிட்டார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று பஞ்சாயத்தில் சொன்னார்களாம். நாற்பது நிமிடத்தில் ஒரு சாம்பல் மேட்டைப் பார்க்க முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

9 ஏப்ரல் 2023, இரவு

முடியாது. நாற்பது நிமிடம் என்பதைவிட, மேலேயே சுற்றினார்கள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஒரு ஆலோசனை நிறுவனத்தில் ஆறு வருடம் கள இன்ஜினியராக இருந்தேன். மண் பரிசோதனை, கரை அளவு எடுப்பது, அதிகாரிகள் வரும்போது நோட்டும் பேனாவுமாகப் பின்னால் நடப்பது, இதெல்லாம் என் வேலை. சாம்பல் குளத்தின் கரைமேல் ஜீப் போகும் பாதை இருக்கும். அங்கிருந்து பார்த்தால் எல்லாக் குளமும் நன்றாகத்தான் தெரியும். சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய வயல், நடுவில் கொஞ்சம் தண்ணீர், ஓரத்தில் கொக்கு.

பார்க்க வேண்டிய இடம் கரையின் வெளிப்பக்கம், அடிவாரம். உள்ளே தேங்கும் தண்ணீர் எங்கேயாவது வெளியே வந்தாக வேண்டும். அது வடிகால் வழியாக வருகிறதா, கரையைத் துளைத்துக்கொண்டு வருகிறதா என்பது அடிவாரத்தில் நடந்தால்தான் தெரியும். ஜீப்பில் போனால் தெரியாது.

கோடையில் போங்கள். சுற்றிலும் புல் காய்ந்து கிடக்கும்போது அடிவாரத்தில் ஒரு இடத்தில் மட்டும் கோரை பச்சையாக நின்றால், அங்கே நின்றுவிடுங்கள். குதிகாலை ஊன்றி அழுத்திப் பாருங்கள். தண்ணீர் ஊறி வருகிறதா? ஊறினால் ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பாருங்கள். தெளிவாக இருந்தால் கசிவு, கண்காணிக்க வேண்டும். கலங்கலாக இருந்தால் தண்ணீர் கரையின் உள்ளிருந்து மண்ணையும் சாம்பலையும் அள்ளிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். வெளிப்பக்கம் தொடங்கும் அந்த அரிப்பு எலி வளை போல உள்நோக்கிப் போகும். குளத்தைத் தொட்டுவிட்டால் அப்புறம் சில மணி நேரம்தான்.

10 ஏப்ரல் 2023, காலை

ஒரு திருத்தம். நீங்கள் கேட்டது மேடு. நான் எழுதியது குளம். இரண்டும் வேறு.

சாம்பலைத் தண்ணீரில் கலந்து குழாய் வழியாக அனுப்பித் தேக்கினால் குளம். உலர்ந்த சாம்பலை லேசாக நனைத்து, டிப்பரில் கொண்டுவந்து கொட்டி, ரோலர் ஓட்டி, அடுக்கடுக்காக உயர்த்தினால் மேடு. மேட்டில் தேங்கும் தண்ணீர் குறைவு, ஆகவே குளம்போல் உடைந்து ஓடும் ஆபத்தும் குறைவு. ஆனால் மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்கும், சாம்பலில் உள்ள ஆர்செனிக், செலீனியம், போரான் போன்றவற்றைக் கரைத்துக்கொண்டு அடியில் வரும். காற்றடித்தால் தூசி.

அதனால் மேட்டில் பார்க்க வேண்டியவை வேறு. சரிவில் மழைநீர் அரித்த ஓடைகள். உச்சியில் விரிசல், முக்கியமாக விளிம்புக்கு இணையாக ஓடும் விரிசல். அடியில் விரித்த பிளாஸ்டிக் தாளின் ஓரம் வெளியே கிழிந்து தொங்குகிறதா. கசிவு நீர்த் தொட்டியின் மோட்டார் உண்மையில் ஓடுகிறதா. மோட்டார் இருப்பது வேறு, ஓடுவது வேறு. ஸ்விட்சைப் போடச் சொல்லிப் பாருங்கள்.

அடிவாரத்தைப் பார்க்க வேண்டும் என்று சொன்னதை மட்டும் மாற்றவில்லை. இரண்டுக்கும் அது பொருந்தும். நம் ஊரில் மேடு என்று சொல்வது பல இடங்களில் நிரம்பிய பழைய குளம்தான். உங்கள் ஊரில் எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே குழாய் போகிறதா, லாரி போகிறதா?

10 ஏப்ரல் 2023, மாலை

இன்றைய தேதி எழுதும்போது நினைவு வந்தது. மூன்று வருடத்துக்கு முன் இதே நாள், ஊரடங்கு நேரம், மத்தியப் பிரதேசம் சிங்க்ரௌலி மாவட்டத்தில் சாசன் மின் நிலையத்தின் சாம்பல் கரை உடைந்தது. ஆறு பேரை அடித்துக்கொண்டு போனது, அதில் குழந்தைகளும் உண்டு. அதே மாவட்டத்தில் அதற்கு முந்தைய ஆகஸ்டில் எஸ்ஸார் மகான், அக்டோபரில் விந்தியாச்சல். ஒன்பது மாதத்துக்குள், ஒரே மாவட்டத்தில், மூன்று கரை.

நாற்பது நிமிடம் என்று நீங்கள் எழுதியதும் நான் ஏன் அவ்வளவு வேகமாக முடியாது என்றேன் என்று கேட்டிருந்தீர்கள். இதனால்தான்.

11 ஏப்ரல் 2023

கரையில் மரம் இருந்தால் நல்லதுதானே, மண்ணைப் பிடிக்குமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். புல் நல்லது. மரம் வேண்டாம். சீமைக்கருவேலம் கரையில் வளர்ந்தால் வேர் உள்ளே போகும், மரம் பட்டதும் வேர் மக்கி அந்த வழியே தண்ணீர் வரும். அடிவாரம் முழுக்கப் புதர் மண்டிவிட்டால் கசிவு கண்ணுக்கே தெரியாது என்பது இன்னொன்று. ஆய்வுக்கு முன் புதர் வெட்டவில்லை என்றால் ஆய்வு நடக்கவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

14 ஏப்ரல் 2023

புத்தாண்டு. வீட்டில் எல்லோரும் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். ரொம்ப நாளாக எழுத நினைத்த ஒன்றை எழுதிவிடுகிறேன். மின் நிலையத்தின் பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம்.

நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம், மே மாதம். குளத்தின் கரையை இரண்டாவது முறை உயர்த்தியிருந்தார்கள். ஆய்வுக்கு வந்தவர்களோடு நானும் என் மேலதிகாரியும். எல்லோரும் கரைமேல். நான் அளவுநாடாவை எடுக்கக் கீழே இறங்கினேன். அங்கே ஒரு அம்மா ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏன் தம்பி, எல்லாரும் மேலயே சுத்துறீங்க? கீழ வந்து பாருங்க. மூணு வருசமா எங்க ஆடு கோடையிலயும் இங்கதான் தண்ணி குடிக்குது."

காட்டிய இடத்தில் பாய் அகலத்துக்குக் கோரை. சுற்றிலும் எருக்கும் காய்ந்த புல்லும். கோரையின் அடியில் உள்ளங்கை அளவு ஒரு குழி, அதில் தண்ணீர். குழியின் விளிம்பில் சாம்பல் நிறத்தில் மெல்லிய வளையம், காபி டம்ளரின் அடியில் படியும் வண்டல்போல. விரலால் தொட்டேன். வழுவழுவென்று இருந்தது. அது மண் இல்லை.

மேலே போய்ச் சொன்னேன். நம் வேலை கரையின் உயரம் அளப்பது, கசிவு நம் பட்டியலில் இல்லை என்றார் மேலதிகாரி. வந்தவர்களும் கேட்கவில்லை. அறிக்கையில் நான் எழுதவில்லை.

அந்த வருடம் ஐப்பசி மழையில் கரையின் அந்தப் பகுதி சரிந்தது. முழுக்க உடையவில்லை. சாம்பல் கால்வாயில் இறங்கி, கால்வாய் வழியாகச் சில வயல்களுக்குப் போனது. ஆள் சேதம் இல்லை. அந்த அம்மாவின் வயல் அதில் இருந்ததா என்று நான் போய்க் கேட்கவில்லை.

16 ஏப்ரல் 2023

நேற்றைக்கு முன்தினம் எழுதியதைத் திருத்த வேண்டும். பரணிலிருந்து பழைய கள நோட்டுகளை இறக்கிப் பார்த்தேன்.

எழுதவில்லை என்று சொன்னேன். எழுதியிருக்கிறேன். பென்சிலில், பக்கத்தின் ஓரத்தில், "அடிவாரம் ஈரம்" என்று இரண்டு சொல். எந்த இடம் என்று இல்லை. கரையில் இத்தனை மீட்டருக்கு ஒரு கல் என்று எண் போட்டு நட்டிருப்பார்கள், அந்த எண் இல்லை. தண்ணீர் தெளிவா கலங்கலா என்று இல்லை. அந்த அம்மா சொன்ன மூன்று வருடம் என்பதும் இல்லை. அறிக்கைக்கு அது போகவும் இல்லை.

இரண்டு நாள் யோசித்தேன். ஒன்றுமே எழுதாமல் இருந்ததைவிட இது எனக்கு அதிகமாக வலிக்கிறது. தெரிந்திருக்கிறது. கல் எண்ணோடு எழுதியிருந்தால் யாராவது ஒருவர் அதைப் படித்துவிட்டு, இந்த இடம் என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கலாம். இடம் இல்லாத குறிப்பை வைத்து யாராலும் எதுவும் கேட்க முடியாது.

உங்கள் ஊருக்கு வந்தவர்களின் அறிக்கையைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வந்ததும் முதலில் கல் எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

21 ஏப்ரல் 2023

வெளிநாட்டில் இப்படி நடக்காது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நடந்திருக்கிறது. இதுவரை உலகம் அதிகம் பேசிய சாம்பல் விபத்தே அமெரிக்காவில்தான்.

2008 டிசம்பர் 22, நள்ளிரவு தாண்டி, டென்னசி மாநிலம் கிங்ஸ்டன். அரசு நிறுவனமான டென்னசி வேலி அத்தாரிட்டியின் மின் நிலையம். சுமார் 41 லட்சம் கன மீட்டர் ஈரச் சாம்பல் வெளியே வந்து ஏறக்குறைய 300 ஏக்கரை மூடியது, எமரி ஆற்றை அடைத்தது, வீடுகளை அடித்தளத்திலிருந்து தள்ளியது. அன்றிரவு யாரும் சாகவில்லை. பிறகு அந்தச் சாம்பலை அள்ளிய தொழிலாளிகள் பலர் நோயில் விழுந்தார்கள், இறந்தார்கள்; வழக்கு வருடக்கணக்கில் நடந்தது.

அங்கே ஆய்வு நடக்காமல் இல்லை. வருடா வருடம் நடந்தது. 2003-லும் 2006-லும் அதே கரையின் பக்கவாட்டில் கசிவு வந்து, வேலையை நிறுத்தி, சரி செய்து, மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். விபத்துக்குப் பின் ஆராய்ந்தவர்கள் அடியாழத்தில் ஒரு மெல்லிய அடுக்கைக் கண்டார்கள், சாம்பலும் வண்டலும் கலந்த களி. அதன்மேல் ஈரச் சாம்பல், அந்த ஈரச் சாம்பலின் மேலேயே உள்நோக்கிக் கரை கட்டி உயர்த்திக்கொண்டே போயிருந்தார்கள். நம் ஊரில் பல குளங்களின் கரையை உயர்த்துவதும் இதே முறையில்தான்: புதுக் கரையின் ஒரு கால் பழைய கரைமேல், மறு கால் சாம்பல்மேல்.

ஈரச் சாம்பலைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உருட்டினால் கொழுக்கட்டை மாதிரி நிற்கும். உள்ளங்கையில் வைத்து மறு கையால் பக்கவாட்டில் நாலு தட்டுத் தட்டினால் மேலே தண்ணீர் பளபளக்கும், உருண்டை தட்டையாகப் பரவிவிடும். மலைபோல் நிற்கும் சாம்பலும் அப்படித்தான்.

22 ஏப்ரல் 2023

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் பென்சில் குறிப்போடு இது சேர்ந்தது.

2014 பிப்ரவரி 2, வட கரோலினா மாநிலம் ஈடன். டியூக் எனர்ஜி நிறுவனத்தின் மூடப்பட்ட நிலக்கரி மின் நிலையம். சாம்பல் குளத்துக்கு அடியில் நாலடி விட்டத்தில் ஒரு மழைநீர்க் குழாய் போனது. அது இற்று உடைந்து, சுமார் 39,000 டன் சாம்பல் அந்தக் குழாய் வழியாகவே டான் ஆற்றில் இறங்கியது. கரை உடையவில்லை. கரையை மட்டும் பார்த்தவருக்கு எதுவும் தெரிந்திருக்காது.

காகிதத்தில் அது கான்கிரீட் குழாய். உண்மையில் அதன் ஒரு பகுதி நெளி உலோகத் தகடு. குழாயின் உள்ளே கேமரா விட்டுப் பார்க்க அங்கிருந்த இன்ஜினியர்களே 2011-லும் 2012-லும் பணம் கேட்டார்கள். நான்கு குழாய்களுக்கு மொத்தம் 20,000 டாலர். மறுக்கப்பட்டது. 2015-ல் நீதிமன்றத்தில் அந்த நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 10 கோடியே 20 லட்சம் டாலர் கட்டியது. இந்த விவரமெல்லாம் அந்த வழக்கின் ஆவணத்திலேயே இருக்கிறது.

கேட்ட அந்த இன்ஜினியர்களைப் பற்றி நான் அடிக்கடி நினைப்பது உண்டு. அவர்கள் இடத்தைக் குறித்தார்கள், செலவைக் குறித்தார்கள், இரண்டு முறை கேட்டார்கள்.

25 ஏப்ரல் 2023

அமெரிக்கச் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டதற்குச் சுருக்கமாக: 2015 விதிப்படி சாம்பல் மேட்டைப் பயிற்சி பெற்ற ஒருவர் ஏழு நாளுக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும். வருடம் ஒரு முறை தகுதி பெற்ற பொறியாளர் பார்த்து எழுத வேண்டும். 25 வருடத்துக்கு ஒரு முறை வரக்கூடிய ஒரு நாள் பெருமழையைத் தாங்க வடிகால் வேண்டும். நிலத்தடி நீர் பார்க்க, நீர் வரும் பக்கம் ஒரு கிணறு, போகும் பக்கம் மூன்று கிணறு, குறைந்தது.

பொறியாளருக்குச் சம்பளம் கொடுப்பது மின் நிலையமே. அதனால் இது வெறும் காகிதம் என்றுதான் முதலில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. காரணம், அறிக்கையை நிறுவனம் தன் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி போட்டாக வேண்டும். போட்டதால்தான் வெளியில் உள்ளவர்கள் 265 மின் நிலையங்களின் கிணற்று அளவுகளை எடுத்துச் சேர்த்து, 91 சதவீத இடங்களில் நிலத்தடி நீர் கெட்டிருக்கிறது என்று 2019-ல் காட்ட முடிந்தது. ஆய்வை நடத்தியவர்கள் அதைச் சொல்லவில்லை, படித்தவர்கள் சொன்னார்கள்.

26 ஏப்ரல் 2023

கிணறு பற்றி ஒரு வரி விட்டுவிட்டேன். ஆர்செனிக்கை மட்டும் பரிசோதித்துவிட்டு இல்லை என்று சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். போரானும் சல்பேட்டும் மண்ணில் தங்காமல் தண்ணீரோடு முதலில் ஓடி வரும். கிணற்றில் அவை ஏறுகிறது என்றால் சாம்பல் தண்ணீர் அங்கே வந்துவிட்டது, மற்றவை பின்னால் வருகின்றன.

2 மே 2023

நம் சட்டத்துக்கு வருவோம். 1974 நீர்ச் சட்டத்தில் 23-ஆம் பிரிவுப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி உள்ளே நுழைந்து பார்க்கலாம். 21-ஆம் பிரிவு மாதிரி எடுக்கும் முறையைச் சொல்கிறது: ஆலைக்காரருக்கு அங்கேயே அறிவிப்பு, அவர் முன்னால் மாதிரியை இரண்டாகப் பிரிப்பது, முத்திரை, இரு தரப்புக் கையெழுத்து. இதில் ஒன்று தவறினாலும் நீதிமன்றத்தில் அந்தப் பாட்டிலுக்கு மதிப்பு போய்விடும். ஆகவே நீங்கள் பிடித்த பாட்டில் சாட்சி ஆகாது. அதிகாரியைப் பிடிக்க வைக்க அது உதவும்.

சாம்பலுக்கென்று 1999-லிருந்து அறிவிக்கைகள் உண்டு. 2021 டிசம்பர் 31 அறிவிக்கை, உருவாகும் சாம்பல் முழுவதையும் பயன்படுத்தச் சொல்கிறது. மிச்சத்துக்கு டன்னுக்கு 1,000 ரூபாய் இழப்பீடு. 500 மெகாவாட் அலகு ஒன்று முழு வேகத்தில் ஓடினால் நாளுக்கு ஏறக்குறைய 7,500 டன் நிலக்கரி. நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல். ஒரு நாளைக்கு 2,500 டன், எத்தனை டிப்பர் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். சிமென்ட்டும் செங்கல்லும் எவ்வளவு வாங்கினாலும் பழைய குளம் அப்படியே கிடக்கிறது. எண்ணூரில் செப்பாக்கம் என்ற சின்ன ஊர் சாம்பல் குளத்தை ஒட்டியே வாழ்கிறது. சாம்பல் குழாய்கள் கொசஸ்தலையாற்றுக் கழிமுகப் பகுதியைத் தாண்டிப் போகின்றன. அந்தக் குழாய்க் கசிவுகள் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போயின. குளத்தை மட்டும் பார்த்தால் போதாது, வரும் வழியையும் பார்க்க வேண்டும்.

3 மே 2023

தூசி பற்றிக் கேட்டவருக்கு: தூசி அடங்கத் தண்ணீர் தெளிக்கும் லாரியின் டயரைப் பாருங்கள். தினமும் மேட்டில் ஓடும் லாரியின் டயரில் சாம்பல் அப்பியிருக்கும். ஆய்வு அன்று சுத்தமான டயரோடு ஒரு லாரி நின்றால், அது அன்றைக்கு வந்த லாரி.

19 மே 2023

கேள்வி கேட்ட நண்பர் தனியாக எழுதியிருந்தார், அவர் அனுமதியோடு இங்கே போடுகிறேன். அவர் ஊரில் போவது குழாய். ஆக அது குளம்தான், மேல் பாதி காய்ந்து மேடுபோல் தெரிகிறது. வடகிழக்கு மூலையில் கோரை இருக்கிறது. ஊரில் பழைய ஆட்களைக் கேட்டதற்கு, நாலு வருடமாக இருக்கிறது என்றார்களாம். பாட்டிலில் பிடித்த தண்ணீரின் படம் அனுப்பியிருக்கிறார்.

படத்தை வைத்து நான் எதுவும் சொல்ல மாட்டேன். ஆனால் கோரைக்கு நேர் மேலே கரையில் 17 என்று எழுதிய கல் அதே படத்தில் தெரிகிறது. நன்றாகச் செய்திருக்கிறீர்கள்.

இனிச் செய்ய வேண்டியது: வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்குக் கல் எண், நாள், நேரம் போட்டு ஒரு மனு. நேரில் கொடுத்து முத்திரை வாங்குங்கள், நகலைக் கலெக்டர் அலுவலகத்துக்கும் கொடுங்கள். மழைக்கு முன் இன்னொரு ஆய்வு கேளுங்கள், அடிவாரத்தில் நடந்து பார்க்க வேண்டும் என்று அந்தச் சொல்லையே போட்டுக் கேளுங்கள். கரையின் கீழே தனியாகப் போகாதீர்கள், குழந்தைகளை அழைத்துப் போகவே வேண்டாம். காய்ந்த சாம்பலின் மேல் கால் வைக்காதீர்கள், மேலே ஓடு போல் இறுகியிருக்கும், அடியில் குழம்பு.

வாரம் ஒரு முறை, அதே இடத்தில், அதே அளவு பாட்டில். ஆட்டாமல் ஒரு மணி நேரம் வையுங்கள். அடியில் எத்தனை மில்லிமீட்டர் படிந்தது என்று ஸ்கேல் வைத்து அளந்து எழுதுங்கள். படிவு கூடினால் அடுத்த வாரத்துக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே அலுவலகத்துக்குப் போங்கள். எண்களை இங்கேயும் போடுங்கள், நான் பார்க்கிறேன்.